காசு வாங்கினதை யார் பார்த்தது?

போன மாதம் என் மகள் வாஷிங் மெஷின் வாங்க வேண்டும் என்று போனில் ஒரு வலைத்தளத்தைத் திறந்து என் கையில் கொடுத்தாள். நாலு மெஷினை ஓட்டிப் பார்த்து, எது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எது எவ்வளவு சத்தம் போடுகிறது என்று எழுதியிருந்தார்கள். ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். கீழே வாசகர்கள் எழுதுகிற இடத்துக்கு வந்ததும்தான் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ‘எல்லாம் காசு வாங்கிட்டு எழுதறானுங்க’ என்று ஒருவர். ‘இவனுங்க எல்லாருமே வித்துட்டானுங்க’ என்று இன்னொருவர். எந்தக் கம்பெனி, யாருக்கு, எப்போது கொடுத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தமிழில் தட்டத் தெரியும். ‘இதற்கு ஆதாரம் உண்டா?’ என்று மட்டும் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘அங்கிள், உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க?’

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ‘இதுக்கெல்லாமா கோபப்படுவாங்க’ என்றாள். அவளுக்குத் தெரியாது. இதே கேள்வியை இருபது வருடம் தபாலில் வாங்கி வாங்கி அலுத்துப்போனவன் நான். அந்த வலைத்தளத்தில் வேலை பார்க்கிற யாரோ ஒரு ஆள் இதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி வீட்டில் என்ன பேசியிருப்பான் என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது. அதனால் இதை எழுதுகிறேன்.

கோயமுத்தூரிலிருந்து விவசாயிகளுக்காக ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அதில் சேர்ந்தேன். அதற்கு முன் ஐ.டி.ஐ., ஒரு மில்லில் அப்ரண்டிஸ், பிறகு ஒரு ஃபவுண்டரி. அதெல்லாம் எல்லோருக்கும் உள்ள கதைதான். பத்திரிகையில் மற்றவர்கள் தென்னை, மஞ்சள், கோழி என்று எழுதினார்கள். எங்கள் பிரிவு வேறு. பம்ப் செட், மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர், தீவனம் அரைக்கும் மெஷின் எல்லாவற்றையும் கடையில் வாங்கிவந்து, ஓட்டிப் பார்த்து, எது உருப்படி எது தண்டம் என்று எழுதுவோம். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பொருளை வாங்குவதும் கட்டுரை எழுதுவதும் நான். பெஞ்சில் ஏற்றி ஓட்டுவது ஆரோக்கியசாமி. எங்கள் இரண்டு பேருக்கும் மேலே ஆசிரியர் அர்த்தநாரி சார்.

வாங்குவதற்குச் சட்டதிட்டம் வைத்திருந்தார் சார். கம்பெனிக்காரன் கொடுக்கிற பொருள் பெஞ்சில் ஏறக்கூடாது. நாங்கள் சோதிக்கிற பொருளைச் செய்கிறவர்களிடம் விளம்பரம் வாங்கக்கூடாது. கடைக்கு எங்கள் ஆள் போகக்கூடாது, ஒரு விவசாயி போய் விவசாயியாகவே வாங்க வேண்டும். வந்த பொருளுக்கு அரக்கு வைத்து மூன்று பேரும் கையெழுத்துப் போடுவோம். ஓட்டி முடித்த பிறகும் மறுபடி அரக்கு வைத்து இரண்டு வருடம் கிடங்கில் வைத்திருப்போம். முதல் பொருள் தோற்றுவிட்டால் உடனே கம்பெனியைத் திட்டி எழுதிவிட முடியாது. ஒரு விவசாயி என்ன செய்வானோ அதையே செய்ய வேண்டும், அதாவது வாரண்டிக்கு எழுதிப்போட்டுக் கம்பெனி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அவர்கள் மாற்றிக் கொடுத்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு, அக்கம்பக்கத்துக் கடை ஒன்றில் புதிதாக ஒன்று வாங்கி ஓட்ட வேண்டும். இவ்வளவையும் ஒவ்வொரு இதழிலும் கட்டம் கட்டிப் போடுவோம். எங்களுக்கு அதில் அவ்வளவு பெருமை.

பெஞ்சு என்றால் கொல்லைப்புறத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதிலிருந்து தண்ணீர் வெளியே வர ஒரு வாய்க்கால், பக்கத்தில் மீட்டர் போர்டு. ஆரோக்கியசாமி ஒரு மோட்டாரை ஓட்டுவதைப் பார்த்தாலே பொறுமை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளலாம். நகரத்துக் கரண்டில் நானூற்றுப் பதினைந்து வோல்ட் ஓடும் மோட்டார், தோட்டத்துக்குப் போனால் முந்நூற்று நாற்பதில் முனகும். அதனால் டிம்மர் வைத்து வோல்டேஜைக் குறைத்து எட்டு மணி நேரம் ஓட்டுவார். அரைமணிக்கு ஒருமுறை ஆம்பியர், தண்ணீர் அளவு, பாடியின் சூடு எல்லாம் எழுதுவார். நிறுத்தினதும் உள்ளே செம்புக் கம்பி சுற்றின காயில் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று அளந்து கணக்குப் போடுவார். எண்ணில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. மதியச் சாப்பாட்டை அந்தத் தொட்டி மேட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு ஊர் அவருக்கு. அப்பா அம்மா இருவரும் அங்கே தோட்டக்கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் படித்தவர் இவர். ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பைபிள் வாசகம் வாசிப்பார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

குற்றம் சாட்டிக் கடிதம் வராத மாதமே கிடையாது. ஒரு ஸ்ப்ரேயரை நன்றாக இருக்கிறது என்று எழுதினால் காசு வாங்கிவிட்டோம். நன்றாக இல்லை என்று எழுதினால் போட்டிக் கம்பெனியிடம் காசு வாங்கிவிட்டோம். நான் அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடலாம் என்பேன். சார் ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவார். அதற்கென்றே தபால் கார்டு அச்சடித்து வைத்திருந்தார். அதில் மூன்று கட்டம்: பார்த்தது, கேட்டது, நினைத்தது. ‘ஐயா, தங்கள் புகாரை இந்த மூன்றில் எது எதுவோ அதில் பிரித்து எழுதி அனுப்பவும்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்தக் கார்டுகளில் முக்கால்வாசி திரும்பி வராது. வந்தவை பெரும்பாலும் வேடிக்கை. ஒரு வாத்தியார் பார்த்தது என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்றும், கேட்டது என்பதில் ‘பஸ்ஸில்’ என்றும் எழுதிவிட்டு, நினைத்தது என்பதில் இடம் போதாமல் கார்டின் ஓரத்தைச் சுற்றி எழுதியிருந்தார். ஒரு ஸ்ப்ரேயர் கம்பெனி முதலாளி பார்த்தது என்பதில், எங்கள் ஆள் போட்டிக் கம்பெனி வாசலில் டீ குடித்ததாக எழுதியிருந்தார். அந்த ஆள் நான்தான். அங்கே ஒரு டீக்கடை இருந்தது, டீ நன்றாக இருக்கும். சார் என்னைக் கூப்பிட்டு, சிரிக்காமல், எத்தனை நாள் குடித்தேன், யார் காசு கொடுத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு, இனி வேறு கடையில் குடிக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. வாட்ச்மேனைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தால் மட்டும் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு ஐந்து குதிரைசக்தி மோனோபிளாக் பம்பை எடுத்தோம். கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. பல்லடத்தில், விவசாயியான என் மாமாவை விட்டு வாங்கினோம். நாலாவது மணி நேரத்திலேயே மோட்டார் கொதித்தது. ஆரோக்கியசாமி நிறுத்திவிட்டார். சட்டப்படி வாரண்டிக்கு எழுதிப்போட்டோம். அந்தக் கம்பெனி உடனே கடிதம் போட்டு, மன்னிப்புக் கேட்டு, கடையிலேயே மாற்றிக் கொடுத்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, பல்லடத்திலேயே இன்னொரு கடையில் மாமா மறுபடி ஒன்று வாங்கினார். அது எட்டு மணி நேரம் ஓடியும் கை வைக்கலாம் போலிருந்தது. நான் ஆசையாக எழுதினேன். முதல் பம்பில் குறை இருந்ததையும் சொன்னேன், கம்பெனி மரியாதையாக மாற்றித் தந்ததையும் சொன்னேன், நம் ஊர்க் கரண்டுக்கு இதைவிட நல்ல பம்ப் இந்த விலையில் கிடையாது என்றும் சொன்னேன். அந்த வாக்கியம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

அடுத்த கோடையில் மோட்டார்கள் புகைய ஆரம்பித்தன. முதலில் இரண்டு கடிதம், பிறகு பத்து, பிறகு தினமும். தென்னை காய்கிறது, வாழை காய்கிறது, உங்களை நம்பி வாங்கினோம் என்று எழுதினார்கள். அந்தக் கடிதங்களைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவர்களும் முடிக்கும்போது அதே வரியைத்தான் எழுதினார்கள்: எவ்வளவு வாங்கினீர்கள்?

ஒருநாள் கிணத்துக்கடவிலிருந்து ஒரு தோட்டக்காரர் நேரிலேயே வந்தார். சொந்தமாகப் பெரிய தோட்டம், நல்ல மனிதர் என்று பேர். அவர் மோட்டாரும் எரிந்திருந்தது. சார் முன்னால் உட்கார்ந்து, தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றார். பெஞ்சில் வேலை பார்க்கிற ஆரோக்கியசாமியின் கோயில் கிணற்றில் புதிதாக அதே கம்பெனி பம்ப் ஓடுகிறதாம். எங்கள் கட்டுரை வந்த மாதமே அதை இறக்கியிருக்கிறார்களாம்.

“அவனோட அப்பன் எங்க தோட்டத்துல வேலைக்கு இருந்தவன்தானுங்க. அவுங்க சாதிசனம் பூராச் சேர்ந்தாலும் அஞ்சு எச்.பி. மோட்டார் வாங்க முடியுமுங்களா? கம்பெனிக்காரன் குடுத்திருக்கறான், இவன் நல்லபடியா எழுதிப்போட்டான். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணுமுங்க?”

சார் ஒரு கார்டை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினார். தோட்டக்காரர் பேனாவை வாங்கி, பார்த்தது என்ற கட்டத்தில் ‘கோயில் கிணற்றில் பம்ப்’ என்று எழுதினார். கம்பெனிக்காரன் கொடுத்தான் என்பதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கோபம் வந்து கார்டை அப்படியே வைத்துவிட்டு, பத்திரிகையை நடத்துகிற டிரஸ்டிகளைப் பார்க்கப் போனார். அங்கே கார்டு கிடையாது. அவர்களுக்கு அவர் வேண்டப்பட்டவர் வேறு. அடுத்த கூட்டத்துக்குள் ஆரோக்கியசாமி சுத்தம் என்று காட்டுங்கள், இல்லாவிட்டால் அவரை அனுப்பிவிடுங்கள் என்று சாருக்குச் சொல்லிவிட்டார்கள். கூட்டத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது.

இதில்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. குற்றம் சொன்னவர் ஆதாரம் காட்ட வேண்டியதில்லையாம். குற்றம் சாட்டப்பட்டவர் தான் வாங்கவில்லை என்று காட்ட வேண்டுமாம். வாங்காததை எந்த ஊரில் எப்படிக் காட்டுவது? ஆரோக்கியசாமி சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: பங்கு மக்கள், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள், வசூல் செய்து வாங்கிய பம்ப், எது வாங்கலாம் என்று என்னைக் கேட்டார்கள், நம் பத்திரிகையில் வந்ததைக் காட்டினேன். ரசீது வைத்திருந்த கோயில் பாதிரியார் மாற்றலாகிப் போயிருந்தார். கடையில் கேட்டால் பழைய பில் புத்தகம் இல்லை என்றார்கள். பங்கு மக்கள் நாலு பேர் வந்து சாட்சி சொன்னதற்கு, அவர்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பதில் வந்தது. ஆபீஸில் மற்ற பிரிவுக்காரர்கள் அவர் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். அவரும் யாருடனும் பேசாமல் தொட்டி மேட்டிலேயே கிடந்தார். சார் மட்டும் தினமும் போய் அவரிடம் அன்றைய சோதனையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டுரை வந்து கொஞ்ச நாளில் ஆரோக்கியசாமியின் மகளுக்குக் கோயிலில் புதுநன்மை, அதாவது பிள்ளைகளுக்கு முதன்முதலாக நற்கருணை அப்பம், கொடுத்தார்கள். என்னை வீட்டுக்கு வந்து அழைத்திருந்தார், போயிருந்தேன். கோயிலுக்குப் பின்னால் கை கழுவப் போனபோது கிணற்றடியில் அந்தப் பம்பைப் பார்த்தேன். கம்பெனித் தகடு பளபளவென்று இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். எனக்குள் என்னமோ நெருடியது. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரியாணி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். தோட்டக்காரர் அன்று வந்து சொன்னபோது மற்றவர்கள் அதிர்ந்தார்கள், நான் அதிரவில்லை. இருக்குமோ என்ற நினைப்பு எனக்கு ஏற்கெனவே இருந்தது. ஊரிலுள்ள வாத்தியாருக்கும் முதலாளிக்கும் கார்டு அனுப்பிவிட்டு, எனக்கு நானே ஒரு கார்டு போட்டுக்கொள்ளவில்லை.

விசாரிக்கும் வேலையை சார் என்னிடம்தான் கொடுத்தார். பேப்பரில் இருக்கிற புகாரை விட்டுவிட்டு எரிந்த மோட்டாரைப் பார்க்கும்படி சொன்னார். எரிந்த மோட்டார் எங்கே போகும்? காயில் கட்டுகிற கடைக்குத்தான் போகும். நாலைந்து கடை ஏறி இறங்கி, கணபதியில் ராஜாமணியம்மாவின் பட்டறையைப் பிடித்தேன்.

ராஜாமணியம்மாவும் அவர் கணவரும் சேர்ந்து நடத்திய சின்னப் பட்டறை அது. கணவர் மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை வெட்டி எடுப்பார். அந்தம்மா புதுக் காயில் சுற்றி இறக்குவார். கருகினதை வெட்டி எடுக்கும்போது எத்தனை சுற்று, எந்தக் கனத்துக் கம்பி என்று பார்த்து எழுதிவைத்தால்தான் திரும்ப அதேபோலக் கட்ட முடியும். அந்தம்மாவிடம் அப்படி எழுதின நீள நோட்டுகள் ஒரு அலமாரி முழுக்க இருந்தன. கம்பெனி பெயரைச் சொன்னதும் சலித்துக்கொண்டார்.

“அது மோட்டாருங்களா? இந்தக் கோடைல மட்டும் பதினேழு கட்டிப்போட்டனுங்க. பத்தொம்பது கேஜ் கம்பி போட வேண்டிய எடத்துல இருவது போட்டிருக்கறானுங்க. கரண்டு கொறஞ்சா எப்படித் தாங்கும்?”

கேஜ் எண் கூடினால் கம்பி மெலிசு. மெலிசான கம்பி சீக்கிரம் சூடாகும். பதினேழு மோட்டாருக்கும் நோட்டில் தேதி, ஊர், ஆள் பெயர், சுற்று, கேஜ், வெட்டி எடுத்த செம்பின் எடை எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் ‘கோயில் மோட்டார், ஆரோக்கியசாமி, கிணத்துக்கடவு’ என்று இருந்தது. இருபது கேஜ். நான் அந்த வரியில் விரலை வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

ராஜாமணியம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “போன வாரம் வந்ததுங்க. அவரே டெம்போவுல ஏத்திட்டு வந்தாருங்க. நான் சொல்லி வாங்கின மோட்டாருங்க, ஊர்ச்சனம் தண்ணியில்லாம நிக்குதுங்கன்னு கண்ணுல தண்ணி வெச்சுட்டாரு.”

லஞ்சமாகக் கொடுக்கிற பம்பை எரிந்துபோகிற மாதிரியா கொடுப்பான்? அதுவும் பெஞ்சில் மோட்டார் ஓட்டுகிறவனுக்கு? கோயிலும் மற்ற பதினாறு பேரைப் போலக் கடையில் வாங்கி ஏமாந்திருக்கிறது. ஆரோக்கியசாமி இதை ஆபீஸில் சொல்லவில்லை. சொன்னால் நாடகம் என்பார்கள் என்று விட்டிருப்பார். அது எனக்கு அங்கேயே புரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. இருபது கேஜ் மோட்டார் எங்கள் பெஞ்சில் எப்படி எட்டு மணி நேரம் சூடாகாமல் ஓடியது? ராஜாமணியம்மாவை ஆட்டோவில் ஆபீசுக்குக் கூட்டிவந்தேன். கிடங்கில் இருந்த, பெஞ்சில் ஓட்டிய இரண்டாவது பம்பின் அரக்கை சாரும் ஆரோக்கியசாமியும் இருக்கும்போது உடைத்தோம். அந்தம்மா மூடியைக் கழற்றி, கம்பியில் ஒரு நுனியைச் சுரண்டி, மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். பதினெட்டரை கேஜ். செம்பு ஏகத்துக்கு இருந்தது. இப்படி ஒரு மோட்டார் இந்தக் கம்பெனியில் தான் பார்த்ததே இல்லை என்றார். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் பார்த்தார்.

“இது உங்களுக்குன்னே கட்டினதுங்க. அது சரி, நீங்க எந்த ஊர்ல வாங்கப்போறீங்கன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆரோக்கியசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்குவது என் வேலை என்பதால் நான் அந்தப் பம்பின் ஃபைலை எடுத்துவந்து முதல் தாளிலிருந்து புரட்டினேன். மாமா கடைக்குப் போன தேதி, பில், முதல் சோதனைக் குறிப்பு, வாரண்டிக்கு அனுப்பின கார்டின் கார்பன் நகல். அந்த நகலில் என் கையெழுத்து குண்டுகுண்டாக அழகாக இருந்தது. பெயர் மாமாவுடையது, வாங்கிய கடை பல்லடம் என்று இருந்தது. விலாசம் என்ற இடத்தில் எங்கள் ஆபீஸ் கதவு எண், தெரு.

ஏன் அப்படி எழுதினேன் என்றால், மாமா தோட்டத்துக்குத் தபால் போக ஒரு வாரம் ஆகும். பதில் சீக்கிரம் வரட்டும், கட்டுரை அந்த மாதமே போகட்டும் என்று நினைத்தேன். பத்திரிகை பெயரை எழுதவில்லையே, கதவு எண் மட்டும்தானே என்று இருந்தேன். அதே கதவு எண்ணை ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் அச்சடித்துக்கொண்டிருந்தோம். தோற்றுப்போனால் அக்கம்பக்கத்துக் கடையில் இன்னொன்று வாங்குவோம் என்பதையும் முதல் பக்கத்தில் நாங்களே கட்டம் கட்டிப் போட்டிருந்தோம். பல்லடத்தில் அப்போது பம்ப் விற்கிற கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மறுநாள் நான் போய்க் கேட்டபோது இரண்டாவது பம்பை விற்ற கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். கம்பெனி ஆள் வந்து இருந்த சரக்கை எடுத்துக்கொண்டு, புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று வேறு மூன்று வைத்துவிட்டுப் போனாராம். பக்கத்துக் கடைகளிலும் அப்படியே செய்தார்களாம். தான் கண்ணால் பார்த்தது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கார்பன் நகலை சார் மேசையில் வைத்தேன். அவர் படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

“தண்டபாணி, இதுல களவு இல்லீங்க, தப்பு இருக்குது. அதையும் நாமதான் சொல்லோணும். உங்க பேர் போட்டுத்தான் சொல்லோணும், பரவாயில்லீங்களா?”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அடுத்த இதழின் முதல் பக்கத்தில் எல்லாம் வந்தது. ராஜாமணியம்மாவின் நோட்டுப் பக்கம், இரண்டு கம்பிகளின் படம், கடைக்காரர் எழுதிக் கொடுத்தது, என் பெயரோடு என் தவறு. பம்ப் வாங்கி எரிந்துபோனவர்களிடம் பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. கம்பெனிக்காரர்கள் வக்கீல் நோட்டீஸ் விட்டார்கள், சார் நோட்டுப் பக்கத்தின் நகலைப் பதிலுக்கு அனுப்பினார், அதன் பிறகு சத்தம் இல்லை. டிரஸ்டிகள் ஆரோக்கியசாமி விஷயத்தை அஜெண்டாவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுக்கலாமே என்று சார் கேட்டதற்கு, அதான் எடுத்துவிட்டோமே என்றார்களாம்.

இதழை எடுத்துக்கொண்டு நானே கிணத்துக்கடவுக்குப் போய் அந்தத் தோட்டக்காரரிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். “அப்ப அவன் வாங்கலையா?” என்றார். இல்லை என்றேன். “சரி விடுங்க, நாலு பேர் சொன்னதைத்தான நானும் சொன்னேன்” என்று எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார். அந்த நாலு பேர் யார் என்று கேட்டேன். அவருக்கு ஒரு பேர்கூட ஞாபகம் வரவில்லை. இளநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

அதே எரிச்சலோடுதான் ஆரோக்கியசாமி வீட்டுக்கும் போனேன். தோட்டக்காரரைத் திட்டித் தீர்த்தேன், டிரஸ்டிகளைத் திட்டினேன், ஆபீஸில் பேச்சை நிறுத்தினவர்களைத் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வாரண்டி கார்டு பற்றி நான் மன்னிப்புக் கேட்டதற்கு, அவசரத்தில் யாருக்கும் வருகிற தப்புதான் என்று சிரித்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போன பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“புதுநன்மை அன்னைக்கு நீங்க கெணத்தடில நின்னு அந்த மோட்டாரைப் பார்த்துட்டு இருந்தீங்க. நான் கோயில் படியில இருந்து பார்த்தனுங்கண்ணா. வந்து கேப்பீங்கன்னு நின்னுட்டிருந்தேன். ஏன் கேக்கலீங்க?”

காபித் தம்ளரை எடுத்துத் திரும்பக் கீழே வைத்தேன்.

“நீங்களும் அப்படி நெனச்சுட்டீங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார், அல்லது நம்பினது போல இருந்திருப்பார். ஆனால் அந்த மாதம் முழுக்க எல்லோரிடமும் உண்மையைக் கேட்டு அலைந்துவிட்டு அவர் முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல முடியவில்லை. ஆமாங்க என்றேன். அவர் தலையை ஆட்டினார். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.

அதன் பிறகும் பத்துப் பன்னிரண்டு வருடம் நாங்கள் ஒரே அறையில் வேலை பார்த்தோம். ஒரு சண்டை கிடையாது. அண்ணா என்றுதான் கூப்பிட்டார். அவர் வாசித்த அளவுகளை நான் எழுதினேன், நான் வாங்கிவந்த மோட்டார்களை அவர் ஓட்டினார். அதற்குள் அந்த மகள் வளர்ந்து நர்சிங் முடித்தாள், கல்யாணம் நிச்சயமாயிற்று. சார் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வீட்டுக்கு ஆரோக்கியசாமி மனைவியோடு போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார். ராஜாமணியம்மா வீட்டுக்கும் அப்படியே போனார். எனக்கும் பத்திரிகை வந்தது, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, என் பெயருக்கு முன்னால் மரியாதையாகத் ‘திரு’ போட்டு. அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் எனக்கு அதைத் தபாலில் அனுப்பியிருந்தார்.